இரண்டாவது விரல் மேல் ஒரு மடிப்பு

கால்காரர் என்று சொன்னால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவார். முழங்கால் மாற்று ஆபரேஷன் நடக்கும் தியேட்டரில், மேசையின் கால்மாட்டில் நின்று நோயாளியின் காலைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன ஒரு காலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். உரிமையாளர் கைவிட்ட சாமான் போல அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். டாக்டர் மடக்கச் சொன்னால் மடக்க வேண்டும், நீட்டச் சொன்னால் நீட்ட வேண்டும், ரம்பம் ஓடும்போது மூச்சு விடுவதுகூட வெளியே தெரியாமல் நிற்க வேண்டும்.

வீட்டில் இதை வைத்துக் கேலி உண்டு.

“உங்க அப்பா யார் காலைப் பிடிச்சு இந்த வேலைக்கு வந்தாரோ தெரியாது. வந்த பிறகும் அதையேதான் பண்றார்” என்று மனைவி மகனிடம் சொல்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கக் காரணம் இருந்தது. தன் வேலை வெறும் பிடிக்கிற வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

தெருவில் போகிறவர்களின் முகம் அவருக்கு மனதில் நிற்காது. வில்லாக வெளியே வளைந்த கால், ஒன்றோடொன்று உரசும் கால், குதிகாலை மட்டும் நம்பி நடக்கும் கால் என்றுதான் ஞாபகம் இருக்கும். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, “அந்த நீலச் சட்டை சீக்கிரமே நம்ம டேபிளுக்கு வந்துடும்” என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

ஆபரேஷனில் கத்தியும் ரம்பமும் பெரிய விஷயமில்லை, கோடுதான் விஷயம் என்பது அவர் வருஷக்கணக்கில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. இடுப்பில் இருக்கும் எலும்புப் பந்தின் நடு, முழங்காலின் நடு, கணுக்காலின் நடு. இந்த மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். கோடு தப்பினால் உள்ளே வைக்கிற உலோகம் ஒரு பக்கமாகத் தேயும்; கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் தகடு திரும்பி உட்கார்ந்தால் பாதம் ஆயுசுக்கும் கோணலாகவே பார்க்கும். ஆனால் உடம்புக்குள் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. மேடும் பள்ளமும்தான் இருக்கின்றன. முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு மேடு, கணுக்காலின் உள்பக்கம் ஒரு முண்டு, வெளிப்பக்கம் ஒரு முண்டு. டாக்டர்கள் அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் இல்லாத கோட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். பாதத்தில் இரண்டாவது விரலும் அப்படி ஓர் அடையாளம்.

முன்பு இருந்த பெரிய டாக்டர், கோடு பார்க்கும் நீளமான கம்பியைக் கால் மேல் பிடித்துக்கொண்டு, “ரெண்டாவது விரல் எங்கேப்பா?” என்று கேட்பார். பாதம் முழுக்கத் துணி சுற்றியிருக்கும். ஆகவே விரல் வெளியே தெரியாது. கால்காரர் துணிக்கு மேலேயே தடவி, இரண்டாவது விரலைக் கிள்ளிக் காட்டுவார். ஒருநாள் அவருக்கே ஒரு யோசனை வந்தது. பாதத்தைச் சுற்றும்போது கடைசிச் சுற்றை இரண்டாவது விரல் மேல் வரப்பு மாதிரி மடித்து, அந்த மடிப்பைக் கணுக்காலின் முன்பக்கம் வரை கொண்டுபோய்ச் செருகினார். விரல் எங்கே என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை. மடிப்பே காட்டும். பெரிய டாக்டர் அதைப் பார்த்து, “மூளைக்காரன்பா நீ” என்றார். அந்த வார்த்தையைக் கால்காரர் இன்றுவரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவரிடம் வேலை பழகிய பெண் டாக்டர் அந்த இடத்துக்கு வந்தார். அதிகம் பேசாதவர். விரல் எங்கே என்று கேட்டதே இல்லை. கேட்பானேன்? ஒவ்வொரு ஆபரேஷனிலும் எலும்பை வெட்டும் முன் அவர் கை கீழே இறங்கி வரும், மடிப்பைத் தொடும், பிறகு கம்பி நேராகும். அந்த ஒரு தொடுதலுக்காகக் கால்காரர் காத்திருப்பார். டாக்டருக்கும் தனக்கும் நடுவே பேச்சில்லாமல் நடக்கும் ஓர் ஏற்பாடு என்று அதை நினைத்திருந்தார்.

சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

மகனின் மாமியார் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். கணவர் இல்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் துளை வழியாகவே பேசிப் பழகியதாலோ என்னவோ, கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். அதுவும் சில்லறையை எறிவது மாதிரி வரும். எப்போதும் மூடிய ஷூ, வீட்டுக்குள் வந்தால் தடித்த சாக்ஸ். தரையின் குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாது என்பார். வலது முழங்கால் வளைந்துபோய் வெகு நாளாகிவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்க வரும்போது படிக்கட்டில் அவர் ஏறும் சத்தத்தை வைத்தே எந்தப் படியில் வலித்தது என்று கால்காரர் சொல்லிவிடுவார்.

“கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறுறீங்களே சம்பந்தியம்மா, எத்தனை நாளைக்கு?”

“கைப்பிடி வேற எதுக்கு வச்சிருக்காங்க, தடவிக் கொடுக்கவா?”

“ஆபரேஷன் பண்ணிக்கங்க. நான் இருக்கேன்.”

“நீங்க இருக்கறதுதான் சம்பந்தி பயமா இருக்கு.”

“அண்ணி, இவர் அங்க காலைத்தான் பிடிப்பார், கத்தியைப் பிடிக்க மாட்டார். தைரியமா வாங்க” என்றாள் மனைவி.

அங்கேதான் கால்காரருக்கு ரோஷம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தன் வலது பாதத்தை முக்காலி மேல் வைத்து, துண்டை எடுத்துச் சுற்றினார். கடைசிச் சுற்றை இரண்டாவது விரல் மேல் மடித்து மேலே கொண்டுபோய்ச் செருகினார். “இதைப் பாருங்க. இதைத் தொட்டுட்டுத்தான் டாக்டர் கம்பியையே வைப்பாங்க. இது இல்லைன்னா கோடு இல்லை.”

சம்பந்தியம்மா துண்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ டாக்டருக்குப் படிச்சது நீங்களா அவங்களா?”

ஆனாலும் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். சம்பந்தி இருக்கிற இடம் என்பதால்தான் ஒத்துக்கொண்டேன் என்று மகளிடம் சொன்னாராம். அது கால்காரர் காதுக்கு வந்தபோது அவர் அன்று முழுவதும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நாள் காலையில், உடன் வேலை பார்க்கிறவர், “சொந்தக்காரங்கன்னா கை நடுங்கும், நான் நிக்கறேன்” என்றார். கால்காரர் கேட்கவில்லை. நான் இருக்கேன் என்று சொன்ன வாய் தன்னுடையது.

மேசை அருகே நின்ற பிறகுதான் சங்கடம் தொடங்கியது. பிள்ளைகளின் கல்யாணம் ஆன நாளிலிருந்து சம்பந்திகள் இருவரும் ஒரே சோபாவில்கூட உட்கார்ந்ததில்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் முக்காலி, அந்தத் தூரத்திலேயே உறவு பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவருடைய குதிகால் இவர் உள்ளங்கையில் இருந்தது. வார்டில் காலைக் கழுவிப் பாதத்தை ஒரு துணிப்பைக்குள் போட்டு நாடாவால் கட்டித்தான் அனுப்புவார்கள். அதற்கு மேல் கிருமி நீக்கிய உறையை மாட்டி, பட்டைத் துணியால் சுற்ற வேண்டும். மற்ற நாட்களில் அவர் பாதத்தைக் கண்ணால் அளந்துகொண்டேதான் சுற்றுவார். அன்று முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். வெறித்துப் பார்ப்பது மரியாதையாகத் தோன்றவில்லை. கையுறைக்கும் மூன்று அடுக்குத் துணிக்கும் அடியில் விரல்களைத் தடவினார். இது பெருவிரல். இது அடுத்தது. அதன் மேல் மடிப்பை ஏற்றிச் செருகினார்.

மார்புக்கு மேல் கட்டியிருந்த திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. மரத்தது இடுப்புக்குக் கீழேதான், வாய் மரக்கவில்லை.

“சம்பந்தி, அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கேன் சம்பந்தியம்மா.”

“என் கால் எங்க இருக்கு?”

“என் கையில.”

“பத்திரம். திரும்ப வேணும்.”

தியேட்டரே சிரித்தது. டாக்டரின் கண்கள்கூட முகமூடிக்கு மேலே கொஞ்சம் சுருங்கின. பிறகு கத்தி, ரம்பம், சுத்தியல். சம்பந்தியம்மா சுத்தியல் சத்தத்தைக் கேட்டு, “பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்களா?” என்றார். மயக்க மருந்து டாக்டர் எதையோ கொஞ்சம் செலுத்த, அதன்பின் பேச்சு இல்லை. கீழ்க்கால் எலும்பை வெட்டும் நேரம் வந்தது. டாக்டரின் கை இறங்கி வந்தது. மடிப்பைத் தொட்டது. கம்பி நேரானது. “சரி” என்றார் டாக்டர். கால்காரருக்கு நெஞ்சு நிறைந்தது.

அன்று சாயங்காலம் மனைவியை அழைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். ஊசியின் மரப்பு விலகிவிட்டதா என்று சிஸ்டர் சோதித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் பெரிய கட்டு. பாதத்தில் ஒன்றும் இல்லை.

“விரலை ஆட்டுங்கம்மா.”

சம்பந்தியம்மா உதட்டை மடித்துக்கொண்டு போர்வையை இழுக்கப் பார்த்தார். சிஸ்டர் விடவில்லை. “மூடாதீங்க, நான் பார்க்கணும். ஆட்டுங்க.”

பெருவிரல் அசைந்தது. அடுத்தது அசைந்தது. அதற்கு அடுத்தது அசைந்தது. சுண்டு விரல் அசைந்தது. அதோடு முடிந்துவிட்டது.

“ஆடுது பாருங்க, என்னமா ஆடுது!” என்று மனைவி கைதட்டினாள்.

கால்காரர் திரும்ப எண்ணினார். பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு பளபளப்பான தழும்பு. அங்கே ஒரு விரல் இருந்திருக்கிறது. அது போன பிறகு மூன்றாவது விரல் சாய்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. காலியான நாற்காலியில் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. அவர் காலையில் துணிக்கு மேலே தடவிப் பார்த்தது அந்தப் பக்கத்து ஆளைத்தான்.

அவருக்கு வார்டின் சத்தம் எல்லாம் நின்றுபோனது. சிஸ்டரின் வாய் அசைந்தது, மனைவியின் கைகள் தட்டிக்கொண்டிருந்தன, எதுவும் காதில் விழவில்லை. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சில்லிட்டிருந்தன. மடிப்பைச் செருகிய விரல்கள். அவை தன்னுடையவைதானா என்று பார்க்கிறவர் போல அவற்றைப் பார்த்தார்.

“சம்பந்தியம்மா, அந்த விரல்…”

“எந்த விரல்?”

“இல்லாத விரல்.”

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். சம்பந்தியம்மாவின் முகம் சிவந்துபோனது. “தண்ணித் தொட்டியோட இரும்பு மூடி விழுந்துச்சு. சின்னப் பொண்ணு அப்போ. போதுமா? காலைப் பிடிங்கன்னு நம்பி விட்டா, விரலை எண்ணிக்கிட்டு நிக்கறீங்களே.” பிறகு சிஸ்டரிடம், “எனக்கு சாக்ஸ் குடுங்க” என்றார்.

“இன்னிக்குக் கூடாதும்மா. விரல் நிறம் பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

“நிறம் பார்க்க என்ன இருக்கு, என்னை என்ன பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க?”

வராந்தாவில் இருந்த பெஞ்சில் கால்காரர் உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“ஒரு விரல் இல்லாததுக்கா இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

“நான் மூணாவது விரல்ல மடிப்பு வச்சுட்டேன்.”

“வச்சா?”

“டாக்டர் அதைத் தொட்டுட்டுத்தான் வெட்டினாங்க. என் கண்ணால பார்த்தேன்.”

அவள் மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டைச் சுற்றிக் காட்டிய அன்று அவளும் அங்கேதான் இருந்தாள். “வச்சதைக் கழட்டி மாத்த முடியுமா?”

“மறுபடியும் திறக்கணும். எலும்பை மறுபடியும் வெட்டணும்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. “உங்க வேலையும் போகும், சம்பந்தமும் போகும். மருமகள் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“அவங்க கால்?”

வார்டுக்குள்ளிருந்து சம்பந்தியம்மா சாக்ஸ் கேட்கும் குரல் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை நோயாளியை நிற்க வைப்பார்கள். கால்காரருக்குத் தியேட்டரில் வேலை இருந்தது. அதற்கு முன்னால் வார்டு வாசலில் வந்து நின்றார். நடைப் பயிற்சி கொடுக்கிறவர் சம்பந்தியம்மாவை எழுப்பி, நான்கு கால் ஸ்டாண்டைப் பிடிக்க வைத்தார். எழுந்தார். முழங்கால் தாங்கியது. ஆனால் வலது பாதம் நேராகப் பார்க்கவில்லை. உள்பக்கமாகத் திரும்பி, இடது பாதத்தின் பின்னால் பதுங்குவது போல நின்றது.

“பாதத்தை நேரா வைங்கம்மா.”

“நேராத்தான் இருக்கு.”

“உள்ளே திரும்புது பாருங்க.”

“அது அப்படித்தான் வருது. என்னை என்ன செய்யச் சொல்றீங்க?”

கால்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது விரல் என்றால் மடிப்பு வெளிப்பக்கம் போயிருக்கும். மடிப்பு வெளியே போனால் தகடு வெளியே திரும்பும். தகடு வெளியே திரும்பினால் பாதம் உள்ளே பார்க்கும். இதை எத்தனை தடவை அந்தத் தியேட்டரில் நின்று கேட்டிருக்கிறார். கேட்டது இப்போது கண் முன்னால், ஒரு பெண்ணின் காலாக, ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. தன் கை அங்கே தெரிந்தது. அவரை அறியாமல், “ஐயோ” என்று சத்தம் வந்துவிட்டது. சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார்.

டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா, உடம்பு சரியில்லையா?”

“மேடம், நேத்து ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான். எங்க சம்பந்தியம்மாவுக்கு வலது கால்ல ரெண்டாவது விரல் கிடையாது. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சுத்திட்டேன். மடிப்பை மூணாவது விரல்ல வச்சுட்டேன்.”

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார்.

“எந்த மடிப்பு?”

கால்காரருக்குப் புரியவில்லை. கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, ஓர் அடி முன்னால் வந்தார். “பாதத்துல மேடம். ரெண்டாவது விரலுக்கு நேரா வைப்பேனே. நீங்க தொட்டுப் பார்த்துட்டுக் கம்பி வைப்பீங்களே.” கையால் காற்றில் ஒரு பாதத்தைச் சுற்றி, கடைசியில் மடித்து, மேலே கொண்டுபோய்ச் செருகிக் காட்டினார்.

“ஓ, அந்த முடிச்சு மாதிரி நிக்குமே, அதுவா?” டாக்டரின் முகம் தெளிந்துவிட்டது. “அது கணுக்காலை மறைக்கும்ணா. அதைத் தள்ளிவிட்டுட்டுத்தான் ரெண்டு பக்கத்து எலும்பையும் தொடுவேன். துணி அப்படித்தான் நிக்கும்போலன்னு நினைச்சேன். நீங்க வேணும்னே வைக்கிறீங்கன்னு இப்பதான் தெரியுது.”

கால்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். காற்றில் மடித்துக் காட்டிய கை இன்னும் கீழே இறங்கவில்லை.

“பெரிய டாக்டர்…” என்றார்.

“சார் விரலைப் பார்ப்பார். கடைசியா ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்குவார். எனக்கு அது பழக்கமில்லை. பாதம் கணுக்கால்ல ஆடுற சாமான். மரத்த கால்ல அது எந்தப் பக்கம் வேணா சாயும், உங்களுக்குத் தெரியாதா? அதை நம்பி எப்படி எலும்பை வெட்டறது?” டாக்டர் திரையைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளையாகத் தெரிந்த உலோகத்தின் நடுவே ஒரு கோடு இழுத்திருந்தது. “இடுப்பு, முட்டி, கணுக்கால். இதுதான் நேத்து வச்சது. தகடு திரும்பாம இருக்க, இங்க முட்டிக்குக் கீழே இருக்கற மேடு, அதோட உள்பக்கத்தைப் பார்ப்பேன். இந்தக் காலுக்கு விரலே இல்லைன்னாலும் இப்படித்தான் வச்சிருப்பேன். சொல்லப்போனா, விரல் இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“தெரியுமா?”

“சாக்ஸைக் கழட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் மாட்டேன்னு உட்கார்ந்திருந்தாங்க. கழட்டினதும், சம்பந்திகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னாங்க.”

கால்காரர் படத்தைப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. அவர் கும்பிட வேண்டும், அழ வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும். செய்யத் தோன்றவில்லை. சம்பந்தியம்மாவின் கால் பிழைத்துவிட்டது. அந்தச் செய்தி உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்து வாசலில் நின்றது. அதற்குக் கதவைத் திறக்க அவருக்குத் தைரியம் இல்லை.

“ஆனா மேடம், பாதம் உள்ளே திரும்புது. இப்பதான் பார்த்துட்டு வர்றேன்.”

டாக்டர் அவரையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். சம்பந்தியம்மா இன்னும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதம் இன்னும் பதுங்கியிருந்தது. டாக்டர் குனிந்து பாதத்தைப் பார்த்தார், சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார். “சிஸ்டர், விரல் நிறமெல்லாம் நல்லா இருக்கு. அவங்க சாக்ஸைக் கொடுங்க.”

சாக்ஸ் மாட்டியாயிற்று. சம்பந்தியம்மா மறுபடி எழுந்தார். இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், நேராக, வாசலைப் பார்த்து நின்றன. ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். விரல் இல்லாத இடத்தைச் சாக்ஸ் மறைத்துவிட்டது. பாதம் கோணவில்லை.

“இதைக் குடுக்க நேத்துலேர்ந்து கத்தறேன்” என்றார் சம்பந்தியம்மா. பிறகு வாசலில் நின்ற கால்காரரைப் பார்த்தார். நேற்றைய கோபம் குரலில் இல்லை. “என்ன சம்பந்தி, பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க? கால் நல்லாத்தான் இருக்கு. அந்தத் துண்டுல மடிச்சுக் காட்டினீங்களே, அதை எனக்கும் வச்சீங்கதானே?”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வச்சேன் சம்பந்தியம்மா.”

“அதான் நேரா நிக்குது” என்றார் சம்பந்தியம்மா.

அன்று தியேட்டரில் முதல் கேஸ் ஒரு தையற்காரர். இடது கால். மயக்க மருந்து, துணிப்பை, உறை எல்லாம் வழக்கம்போல ஆயிற்று. கால்காரர் பாதத்தைக் கண்ணால் நன்றாகப் பார்த்துக்கொண்டே சுற்றினார். துணிப்பைக்கு மேலே தெரிந்தவரை ஐந்தும் இருந்தன. கடைசிச் சுற்று வந்ததும் கை தானாக இரண்டாவது விரலுக்குப் போய் மடிக்கத் தொடங்கியது. அவர் அதை நிறுத்தினார். துணியைத் தட்டையாக இழுத்து, பாதத்துக்கு அடியில் செருகினார். மேசையின் கால்மாட்டில் இருந்தது ஒரு வெள்ளை மூட்டை. அதில் முன்பக்கம் எது என்று சொல்ல எதுவும் இல்லை.

கத்தி, ரம்பம், சுத்தியல். கீழ்க்கால் எலும்பின் முறை வந்தது. டாக்டரின் கை இறங்கி வந்தது. கால்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்ப்பது போல இருந்தது. கை கணுக்காலின் முன்பக்கம் வந்தது. புறங்கையால் எதையோ ஒதுக்கித் தள்ளியது. அங்கே தள்ள ஒன்றும் இல்லை. வெறும் காற்றைத் தள்ளிவிட்டு, ஒரு கணம் தயங்கியது. பிறகு இரண்டு விரல்கள் பிரிந்து, உள்பக்கத்து முண்டையும் வெளிப்பக்கத்து முண்டையும் தொட்டன.

டாக்டர் நிமிர்ந்தார். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் கால்காரரைப் பார்த்தன.

“மடிப்பு இல்லையா அண்ணா?”

“இல்லைங்க மேடம்.”

“ம்.” டாக்டர் மறுபடி குனிந்தார். “கம்பி.”

கால்காரர் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் அந்தக் கை செய்தது அந்தத் தள்ளலைத்தான்.